டியெப் போகிறவர்களுக்கு: ஆற்றின் நேரமும் ஊரின் பிரெஞ்சும்

கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில், மாங்டனை ஒட்டி, பெட்டிகோடியாக் ஆற்றங்கரையில் இருக்கிறது டியெப். 2016 கணக்கெடுப்பில் 25,384 பேர், 2021-இல் 28,114. புதிதாக வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது ஆற்றில் எதிரேறி வரும் ஓத (கடல் ஏற்றவற்ற) அலையைத்தான். உள்ளூரில் அதற்கு 'மஸ்கரே' என்று பெயர்.

ஃபண்டி விரிகுடாவின் தலைப்பக்கம் ஓதம் 16 மீட்டர் வரை எழும். அந்தத் தண்ணீர் புனல்போல் ஒடுங்கும் ஆற்றுக்குள் நுழையும்போது அதன் முன்விளிம்பு ஒரே அலையாக மேலேறும். ஒரு அலைக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். அதாவது நேற்று காலை 9 மணிக்குப் பார்த்த அலை இன்று 9.50-க்கு வரும். நேற்றைய நேரத்தை நம்பிப் போகிறவர்கள் முக்கால் மணி நேரம் சேற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அலை நேர அட்டவணையில் இருப்பது மாங்டன் ஆற்றங்கரைப் பூங்காவுக்கான நேரம். டியெப் ஆற்றில் அதற்குக் கீழே இருப்பதால் இங்கே முன்னதாகவே கடந்துவிடும். எங்கே நின்றாலும் இருபது நிமிடம் முன்பே போய்விடுங்கள்.

அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் அலை நன்றாக இருக்கும். மற்ற நாட்களில் முழங்காலுக்கும் வராது, ஒரு வெள்ளைக் கோடு நகர்ந்து போவதுபோல இருக்கும். அலை போனதும் கிளம்பிவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும், கண்ணெதிரே சேற்றுத்திட்டுகள் ஒவ்வொன்றாக மூழ்கும். அலையைவிட அதுதான் காட்சி.

*

அலையைப் பற்றி இன்னொன்று: பழைய பயணக் குறிப்புகளில் 'அலை செத்துவிட்டது' என்று இருந்தால் அது காலாவதியான செய்தி. 1968-இல் மாங்டனுக்கும் எதிர்க்கரை ஊரான ரிவர்வியூவுக்கும் நடுவே மதகுகளோடு ஒரு தடுப்புச்சாலை போட்டார்கள். ஓதம் மேலே போக முடியாமல் வண்டல் படிந்து ஆறு குறுகியது, அலை சிறுத்தது, மீன் வரத்தும் சரிந்தது. 2010 ஏப்ரலில் மதகுகளைத் திறந்துவிட்டார்கள். 2021-இல் அந்த இடத்தில் பாலம் வந்தது. 2013-இலேயே சறுக்குப்பலகைக்காரர்கள் இந்த அலை மேல் 29 கிலோமீட்டர் போனார்கள்.

சேற்றில் மட்டும் இறங்காதீர்கள். மேலே காய்ந்து கெட்டியாகத் தெரியும், கால் வைத்தால் உள்வாங்கும். காலை உருவி எடுப்பதற்குள் ஓதம் ஏறிவிட்டால் ஆபத்து.

கரையோரம் நீளமான மண்மேடுகள் தென்பட்டால், அணைக்கட்டி நிலம் மீட்கிற அகாடியர்களின் (இந்தப் பக்கம் முன்பே குடியேறிய பிரெஞ்சுக்காரர்களின் வழிவந்தவர்கள்) பழைய முறையை நினைத்துக்கொள்ளுங்கள். சதுப்புப் புல்லை வேர்மண்ணோடு செங்கல்போல வெட்டி அடுக்கி வரப்பு எழுப்புவார்கள். அடியில் ஒரு மரக்கால்வாய், அதற்குள் கடல் பக்கமாக மட்டும் திறக்கும் கதவு. ஓதம் வற்றும்போது மழைத்தண்ணீர் தள்ளித் திறந்துகொண்டு வெளியேறும், ஏறும்போது கடல்நீரே தள்ளி மூடிவிடும். இரண்டு மூன்று வருட மழையில் உப்பு கழுவப்பட்டபின்தான் விதைப்பு. இதற்கு 'அபுவாத்தோ' என்று பெயர்.

*

மொழி பற்றி யோசிக்கிறவர்களுக்கு: புதுச்சேரியிலோ சென்னையிலோ படித்த பிரெஞ்சு இங்கே செல்லும். ஆனால் சாப்பாட்டு வேளையில் மாட்டிக்கொள்வீர்கள். பிரான்ஸில் 'தினே' என்றால் இரவுச் சாப்பாடு, இங்கே அது மதியம். காலைக்கு 'தெஜுனே', இரவுக்கு 'சுப்பே'. தினேவுக்கு அழைத்தவர் வீட்டுக்கு இரவு எட்டு மணிக்குப் போய் நின்றால் சோறு ஆறியிருக்கும்.

தெருவில் கேட்பது ஷியாக், அதாவது ஆங்கிலம் கலந்த உள்ளூர்ப் பிரெஞ்சு. ஆங்கில வினைக்குப் பிரெஞ்சு விகுதி ஒட்டி 'பார்க்கே மோன் ஷார்' என்பார்கள். நாம் 'காரை பார்க் பண்ணு' என்பதற்கு அண்ணன் தம்பி. ஆகவே சிரிக்காதீர்கள். பள்ளியில் இதற்காகத் திட்டு வாங்கியவர்கள் அவர்களில் நிறைய. கடையில் பேச்சைப் பிரெஞ்சில் தொடங்கிவிட்டு, தடுக்கினால் ஆங்கிலத்துக்கு மாறுங்கள். பெரும்பாலோருக்கு இரண்டும் வரும். கடைப் பலகை வைக்கப்போகிறவர்கள் மட்டும் 2010 நகராட்சி விதியைப் பார்த்துக்கொள்ளவும்: வெளிப்பலகையில் இரண்டு மொழியும் வேண்டும், பிரெஞ்சு முதலில்.

*

சனிக்கிழமைச் சந்தையில் அகாடியச் சாப்பாடு தேடுகிறவர்களுக்கு: 'பூத்தின் ராப்பே' என்று கேட்டால் பொரித்த உருளையும் குழம்பும் வராது, அது கியூபெக் பண்டம். இது சாம்பல் நிற உருண்டை, உள்ளே உப்புப் பன்றியிறைச்சி. சைவர்கள் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

வீட்டில் செய்வதானால் இறைச்சியை முந்தின இரவே ஊறவைத்து உப்பை இறக்குங்கள். பச்சை உருளை இரண்டு பங்கைத் துருவி, துணியில் கட்டி, சொட்டு நீர் இல்லாமல் பிழிந்து, வேகவைத்து மசித்த உருளை ஒரு பங்கோடு பிசையுங்கள். ஆரஞ்சு அளவு பிடித்து, நடுவில் இறைச்சி வைத்து மூடி, மாவில் புரட்டி, கொதிக்கும் உப்புத்தண்ணீரில் ஒவ்வொன்றாக விடுங்கள். பிறகு தீயைக் குறைத்து இரண்டு மூன்று மணி நேரம். உருண்டை கரைந்துபோனால் காரணம் இரண்டுதான்: பிழிந்தது போதவில்லை, அல்லது தண்ணீர் கொதிக்குமுன் போட்டுவிட்டீர்கள். சர்க்கரையோ பாகோ தொட்டுச் சாப்பிடுவது வழக்கம். மிளகும் உப்பும் போதும் என்கிற கட்சியும் உண்டு. வழுவழுப்பு எல்லோருக்கும் பிடிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

*

ஆகஸ்ட் 15 அகாடியர் திருநாள். அன்று மாலை சட்டி, மூடி, விசில் எதுவானாலும் எடுத்துக்கொண்டு தெருவில் ஊர்வலம், பெயர் 'தேந்தமார்'. பல ஊர்களில் 5.55-க்குத் தொடங்குவார்கள். 24 மணிக் கணக்கில் அது 17.55, 1755-இல்தான் அகாடியர்களை நாடுகடத்தத் தொடங்கினார்கள். கைக்குழந்தை இருந்தால் காதுக்கு மூடி கட்டாயம்.

*

பள்ளி பற்றி ஒரு வரி. பிரெஞ்சுப் பள்ளியும், ஆங்கிலப் பள்ளியில் பாடங்களைப் பிரெஞ்சில் நடத்தும் 'இம்மெர்ஷன்' வகுப்பும் ஒன்றல்ல, இரண்டுக்கும் தனித்தனி மாவட்ட நிர்வாகம். கனடாவின் குடியுரிமை உள்ள பெற்றோரில் ஒருவருக்குத் தாய்மொழி பிரெஞ்சாக இருந்தாலோ, அவர் கனடாவில் பிரெஞ்சில் தொடக்கக்கல்வி படித்திருந்தாலோ பிரெஞ்சுப் பள்ளி உரிமையாகக் கிடைக்கும். மற்றவர்கள் வீடு பார்ப்பதற்கு முன்பே மாவட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. அலுவலகம் டியெப்பிலேயே இருக்கிறது.