பீட்டா 0.74 என்ற எண்ணை நான் தவறாகப் படித்த அனுபவம்

திருவொற்றியூரிலிருந்து:

என் அண்ணன் மணலியில் உள்ள ஓர் ஆலையில் இருபது ஆண்டுகளாக ஷிப்ட் வேலை பார்க்கிறார். அந்த நிறுவனத்தின் பங்கு சந்தையில் வர்த்தகமாகிறது. பெயர் இங்கே வேண்டாம். எங்கள் தெருவில் ஐந்தாறு வீடுகளுக்கு அங்கிருந்துதான் சம்பளம் வருகிறது என்பதால், பங்கு வாங்க வேண்டும் என்று முடிவு செய்தபோது முதலில் நினைவுக்கு வந்ததும் அந்தப் பெயர்தான். நான் ராஜாஜி சாலையில் ஒரு சரக்கு முகவர் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறேன். நாள் முழுவதும் எக்செல் தாளோடு இருப்பவன் என்பதால், பணத்தைப் போடும் முன் இடரைக் கணக்கிட்டுப் பார்த்துவிட நினைத்தேன். நினைத்தது சரிதான், கணக்கும் சரியாகவே வந்தது. வந்த எண்ணுக்கு நான் கொடுத்த பொருளில்தான் பிழை இருந்தது.

ஓராண்டின் அன்றாட முடிவு விலைகளை எடுத்து, முந்தைய நாளைவிட எத்தனை விழுக்காடு ஏறியது அல்லது இறங்கியது என்று ஒரு நிரலில் போட்டேன். பக்கத்து நிரலில், ஐம்பது பெரிய நிறுவனங்களின் பங்கு விலைகளைக் கொண்டு சந்தையின் போக்கைக் காட்டும் நிஃப்டி 50 குறியீட்டுக்கும் அதையே செய்தேன். இரண்டையும் எக்செலின் ‘ஸ்லோப்’ சார்பில் கொடுத்தால் கிடைப்பதுதான் பீட்டா: சந்தை 1 விழுக்காடு நகரும்போது இந்தப் பங்கு சராசரியாக எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதன் அளவு. எனக்கு 0.74 வந்தது. ஒன்றைவிடக் குறைவு என்றால் சந்தையைவிடச் சாதுவான பங்கு என்று எங்கோ படித்திருந்தேன். அதை நம்பி, சேமிப்பில் இருந்த 2 லட்ச ரூபாயில் பெரும்பகுதியை அதிலேயே போட்டேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு நாள், ஆலையின் ஒரு பிரிவு எதிர்பாராமல் நிறுத்தப்பட்டது என்ற செய்தி வந்தது. அன்றைக்கு நிஃப்டி 0.4 விழுக்காடு ஏறியிருந்தது. என் பங்கு 9 விழுக்காடு இறங்கியது. விம்கோ நகர் மெட்ரோவில் வீடு திரும்பும்போது கைபேசியில் அந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சந்தை அசையாத நாளில், சாதுவான பங்கு எப்படி இப்படி விழும்?

இரவு தாளை மீண்டும் திறந்து, பீட்டாவைப் பிரித்துப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. பீட்டா என்பது இரண்டு எண்களின் பெருக்கல். ஒன்று, பங்கும் குறியீடும் எந்த அளவுக்குச் சேர்ந்து நகர்கின்றன என்ற ஒட்டுறவுக் கெழு. மற்றொன்று, பங்கின் திட்டவிலக்கத்தைக் குறியீட்டின் திட்டவிலக்கத்தால் வகுத்து வரும் ஈவு. திட்டவிலக்கம் என்பது அன்றாட நகர்வுகள் தம் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகுகின்றன என்பதன் அளவு. என் பங்கின் அன்றாடத் திட்டவிலக்கம் 2.8 விழுக்காடு, நிஃப்டியுடையது 0.95. ஆண்டுக்குச் சுமார் 250 வர்த்தக நாட்கள் என்று கொண்டு, அதன் வர்க்கமூலமான 15.8ஆல் பெருக்கினால், ஆண்டுத் திட்டவிலக்கமாகப் பங்குக்கு 44 விழுக்காடும் குறியீட்டுக்கு 15 விழுக்காடும் வருகின்றன. அதாவது நான் சாது என்று நினைத்த பங்கு சந்தையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு ஆட்டம் கொண்டது. ஒட்டுறவுக் கெழு வெறும் 0.25ஆக இருந்ததால், மூன்றை அது முக்காலாகச் சுருக்கிக் காட்டியிருக்கிறது. அந்த 0.25ஐ வர்க்கப்படுத்தினால் 0.06. இந்தப் பங்கின் ஏற்ற இறக்கத்தில் சந்தையால் விளக்கக்கூடியது 6 விழுக்காடு மட்டுமே என்று அதற்குப் பொருள். மீதி 94 விழுக்காடும் கச்சாப் பொருள் விலை, ஆலை நிறுத்தம், இறக்குமதிப் போட்டி போன்ற அந்தத் தொழிலுக்கே உரிய காரணங்களிலிருந்து வருகிறது.

இதில் பீட்டாவின் குற்றம் ஏதுமில்லை. 1964இல் அமெரிக்கப் பொருளியலாளர் வில்லியம் ஷார்ப் முன்வைத்த மாதிரியில், பல பங்குகளைப் பரவலாக வைத்திருக்கும் முதலீட்டாளருக்கு ஒவ்வொரு நிறுவனத்தின் தனி இடரும் ஒன்றையொன்று பெருமளவு ஈடுகட்டிவிடும்; எஞ்சுவது சந்தை இடர் மட்டுமே, அதை அளக்கத்தான் பீட்டா. முப்பது நாற்பது நிறுவனங்களின் பங்குகளை வைத்திருப்பவருக்கு உரிய அளவுகோலை, மூன்றே நிறுவனங்களின் பங்குகளை வைத்திருந்த நான் எடுத்துப் பயன்படுத்தினேன். எனக்குத் தேவைப்பட்டது மொத்தத் திட்டவிலக்கம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது எங்கள் பகுதிக்கு மிகவும் பொருந்தும். ஆலை நின்றால் என் பங்கு விழுகிறது, அதே மாதத்தில் அண்ணனின் ஓவர்டைமும் நின்றுபோகிறது. கூட்டுக் குடும்பத்தில் இந்த இரண்டும் ஒரே பையிலிருந்து போகும் பணம். நிஃப்டியோடு உள்ள ஒட்டுறவைக் கணக்கிட்ட நான், வீட்டு வருமானத்தோடு உள்ள ஒட்டுறவை எண்ணிப் பார்க்கவே இல்லை.

காசிமேட்டிலிருந்து:

உங்கள் பதிவைப் படித்ததும் நான் செய்த வேறொரு தவறு நினைவுக்கு வந்தது. பங்குச்சந்தை அன்றாடம் வெளியிடும் பாவ் காப்பி கோப்புகளிலிருந்து விலைகளைத் தொகுத்து, ஒரு பங்கின் திட்டவிலக்கத்தைக் கணக்கிட்டேன். ஆண்டுக்கு 59 விழுக்காடு வந்தது. இது சூதாட்டம் போல இருக்கிறதே என்று ஒதுக்கிவிட்டேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நிரலை மேலிருந்து கீழாகக் கண்ணால் பார்த்துக்கொண்டு வந்தபோது, ஒரே ஒரு நாளில் ‘மைனஸ் 50’ என்று இருந்தது. அன்றைக்கு அந்த நிறுவனம் ஒன்றுக்கு ஒன்று போனஸ், அதாவது கையிலுள்ள ஒவ்வொரு பங்குக்கும் இன்னொரு பங்கு இலவசமாக, கொடுத்திருந்தது. விலை பாதியாகும், பங்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும். கையிலிருக்கும் மதிப்பில் மாற்றமே இல்லை. ஆனால் பாவ் காப்பியில் இருப்பது அன்றன்று வர்த்தகமான விலை. பழைய விலைகளை அது திருத்தித் தராது. மற்ற 249 நாட்களும் சேர்ந்து 2 விழுக்காடு திட்டவிலக்கம் கொடுக்கும் நிரலில் அந்த ஒரு நாள் நுழைந்ததும், அது 3.7 ஆகிவிடுகிறது. ஆண்டுக் கணக்கில் 32க்குப் பதிலாக 59. வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு நிஃப்டி 0.6 விழுக்காடு ஏறியிருந்ததால், அதே தவறு பீட்டாவை ஏறத்தாழ 0.1 குறைத்தும் காட்டியது. ஆகவே கணக்கிடும் முன் விலைத் தொடர் போனஸுக்கும் பங்குப் பிரிப்புக்கும் திருத்தப்பட்டதா என்று பார்த்துவிடுகிறேன். 20 விழுக்காட்டுக்கு மேல் நகர்ந்த ஒவ்வொரு நாளையும் தனியாக எடுத்துக் காரணம் தேடுகிறேன்.

ராயபுரத்திலிருந்து:

நான் பள்ளியில் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். திருவொற்றியூர்த் தம்பி எழுதியதில் ஒரு சந்தேகம் இருக்கிறது. அந்தப் பங்கில் அன்றாட வர்த்தகம் குறைவா? குறைவாக இருந்தால், சந்தையில் இன்று நடந்தது அந்தப் பங்கின் விலையில் நாளைக்கோ மறுநாளோதான் தெரியும். அன்றாட விலைகளை நாளுக்கு நாள் பொருத்திப் பார்க்கும்போது ஒட்டுறவு உண்மையைவிடக் குறைவாக வந்து, பீட்டாவும் குறையும். 1970களிலேயே ஆய்வாளர்கள் இதை எடுத்துக்காட்டி, திருத்தும் முறைகளையும் தந்திருக்கிறார்கள். நமக்கு எளிய வழி, அன்றாட விலைகளுக்குப் பதிலாக வார இறுதி விலைகளை எடுத்து, இரண்டு ஆண்டுகளுக்குக் கணக்கிடுவது.

திட்டவிலக்கத்தையும் முழுமையாக நம்பிவிட வேண்டாம். 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் ஏறத்தாழ 13 விழுக்காடு விழுந்தது. அன்றாடத் திட்டவிலக்கம் 1 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், இயல்நிலைப் பரவல் என்ற மணி வடிவ வளைவின்படி அப்படியொரு நாள் உலகம் தோன்றிய காலம் முதல் வந்திருக்கவே கூடாது. நம் வாழ்நாளில் வந்தது. இப்படிப்பட்ட பெரிய நகர்வுகள் அந்த வளைவு சொல்வதைவிட அடிக்கடி வருவதை, அதாவது வாலின் தடிமனை, நான் வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். அன்று என் ஓய்வூதியச் சேமிப்பில்தான் அதைப் புரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு எந்தப் பங்கை எடுத்தாலும், உச்சத்திலிருந்து அடிவரை அது அதிகபட்சமாக எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதையும் தாளில் ஒரு கட்டத்துக்குள் எழுதி வைக்கிறேன். பாதியாக இறங்கிய பங்கு பழைய இடத்துக்கு வர இரட்டிப்பாக வேண்டும்.

திருவொற்றியூரிலிருந்து:

அம்மா, நீங்கள் கேட்டது சரி. சில நாட்களில் அந்தப் பங்கில் சில ஆயிரம் எண்ணிக்கைதான் கைமாறியிருக்கிறது. நேற்றிரவு 104 வாரங்களை எடுத்துக் கணக்கிட்டேன். ஒட்டுறவுக் கெழு 0.25இலிருந்து 0.40ஆக உயர்ந்தது, திட்டவிலக்கங்களின் ஈவு 2.7, பீட்டா 1.08. சந்தையைவிடச் சாது என்று நான் நம்பிய பங்கு, சந்தை இடரிலும்கூடச் சந்தைக்குக் குறைந்ததில்லை. காசிமேட்டு நண்பர் சொன்னபடி நிரலையும் சரிபார்த்தேன். போனஸ் எதுவும் இல்லை.

அந்தப் பங்கில் போட்டதில் மூன்றில் இரண்டு பகுதியை விற்றுவிட்டு, நிஃப்டியில் உள்ள ஐம்பது பங்குகளையும் வைத்திருக்கும் குறியீட்டு நிதியில் மாதாமாதம் போடுவதாக முடிவு செய்திருக்கிறேன். அண்ணனிடம் காரணத்தைச் சொன்னேன். தன் பெயரில் இருக்கும் அதே நிறுவனத்தின் 300 பங்குகளையும் அந்தத் தாளில் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.