‘பெரிய ரிசீவர் இருந்தால் டைட் எண்ட் எதற்கு?’ என்று கேட்டவருக்கு

ஈகிள்ஸ்_ரணம்:
நேற்று நம் அமெரிக்கக் கால்பந்து மன்றத்தின் பேக்கர்ஸ் அணித் திரியில் எஃகு_மாமா போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டுப் போனார்: “லசார்ட் மாதிரி 6 அடி 5 அங்குலம், 225 பவுண்டு, பிளாக் செய்ய அஞ்சாத ரிசீவர் ஒருத்தன் இருந்தால் டைட் எண்டுக்குத் தண்டச் சம்பளம் எதற்கு?” அதற்கு வரிசையாகக் கைதட்டல் வேறு. (புதியவர்களுக்கு: லசார்ட் பேக்கர்ஸில் ஆடியவர். ரிசீவர் பாஸைப் பிடிக்க ஓடுபவர். டைட் எண்ட் முன்வரிசை ஓரத்தில் நின்று பிளாக்கும் செய்து பந்தும் பிடிப்பவர். பிளாக் என்றால் நம் ஆளுக்கு வழி கிடைக்க எதிராளியை உடம்பால் மறிப்பது.) படித்ததிலிருந்து வயிறு எரிகிறது, அதனால் தனித் திரி.

மாமா, நான் ஈகிள்ஸ்காரன். இந்த யோசனையால் சூடுபட்டவன். 2019 டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) 57வது ஆளாக ஜேஜே ஆர்செகா வைட்சைட் என்ற ரிசீவரை எடுத்தோம். ஏழு இடம் தள்ளி, 64வது ஆளாக, பின்னால் நட்சத்திரமான ரிசீவர் டிகே மெட்காஃப் சியாட்டிலுக்குப் போனார். (இதை எழுதும்போதே கை நடுங்குகிறது.) நம்மாள் ரிசீவராகத் தேறவில்லை. 2022ல் ‘ஆள் வாட்டசாட்டம், பிளாக்கும் செய்கிறான், டைட் எண்ட் ஆக்கிவிடுவோம்’ என்றார்கள். ஆகஸ்ட் நடுவிலேயே ஆளை அனுப்பிவிட்டார்கள். எங்கே? அதே சியாட்டிலுக்கு.

ரிசீவர் கெல்வின் பெஞ்சமின் கதையும் தெரியும்தானே? முதல் சீசனிலேயே 1,008 யார்டு எடுத்தவர். 2021ல் ஜயன்ட்ஸ் அவரை டைட் எண்டாக மாற்றப் பார்த்தது. பயிற்சி முகாம் தொடங்கியதுமே ஆள் வெளியே. பேட்ரியட்ஸ் முதல் சுற்றில் எடுத்த நிகீல் ஹாரி கடைசியில் மினசோட்டாவில் அதே வேடம் போட்டுப் பார்த்தார், ஒட்டவில்லை.

டாக்கிளுக்கு, அதாவது நம் முன்வரிசை ஓரத்துக் காவலனுக்கு, பக்கத்தில் கையை ஊன்றி நின்று, எதிரணி முன்வரிசை ஓரத்தில் நிற்கும் 270 பவுண்டு டிஃபென்சிவ் எண்டைத் தாங்குவது ஒரு வேலை. ஓடிவந்து, எதிரணியில் கடைசியாகப் பின்னால் நிற்கும் 195 பவுண்டு சேஃப்டியை இடிப்பது வேறு வேலை. இரண்டுக்கும் பிளாக் என்று ஒரே பெயர் வைத்ததுதான் தப்பு.

எஃகு_மாமா:
தம்பி, நீளமாக எழுதினால் உண்மையாகிவிடாது.

எங்கள் ஸ்டீலர்ஸ் ரிசீவர் ஹைன்ஸ் வார்ட். 6 அடி, 205 பவுண்டு. லசார்டைவிட 20 பவுண்டு குறைச்சல். 2008 அக்டோபர், சின்சினாட்டி மைதானம். எதிரணியில் கீத் ரிவர்ஸ் என்ற லைன்பேக்கர் (முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர்), அந்த ஆண்டு டிராஃப்டில் 9வது ஆள். வார்டின் ஒரே இடி. ரிவர்ஸின் தாடை உடைந்தது, அவருக்கு சீசன் முடிந்தது. நடுவர் தவறு என்று கொடிகூட எறியவில்லை. அடுத்த ஆண்டு லீகே விதியை மாற்றியது, அதற்கு இன்றைக்கும் ‘ஹைன்ஸ் வார்ட் விதி’ என்றுதான் பெயர். பிளாக் செய்ததற்காக ஒரு ரிசீவர் பெயரில் விதி! 205 பவுண்டு ஆளுக்கே இது முடிந்தால் 225 பவுண்டு ஆளுக்கு என்ன குறை?

ஈகிள்ஸ்_ரணம்:
ரிவர்ஸ் பந்து இருந்த பக்கம் துரத்திக்கொண்டு ஓடினார். வார்ட் வந்ததைப் பார்க்கவே இல்லை. பார்க்காத ஆளை இடித்ததெல்லாம் டைட் எண்ட் வேலைக்குச் சான்றா? டிஃபென்சிவ் எண்ட் எதிரிலேயே நின்று உங்களை முறைத்துக்கொண்டிருப்பான், மாமா. பார்க்காத ஆளை இடிப்பதைத் தடுக்கும் அந்த விதியை 2019ல் இன்னும் இறுக்கிவிட்டார்கள். இன்றைக்கு வார்ட் அதைச் செய்தால் 15 யார்டு அபராதம். அபராதத்தை வைத்து அணி கட்டப் போகிறீர்களா?

எஃகு_மாமா:
தாடை உடைந்ததா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.

மூன்றாம்_டவுன்:
இரண்டு பேரும் ஒரு நிமிடம். டைட் எண்ட் என்று எதைச் சொல்கிறோம் என்றே இன்னும் பேசவில்லை.

ஒரு ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்), ஒரு டைட் எண்ட், மூன்று ரிசீவர் இறங்கினால் டிஃபென்ஸ் பெரும்பாலும் ஒரு லைன்பேக்கரை உட்காரவைத்து பாஸைத் தடுக்கும் பின்வரிசை ஆளான டிஃபென்சிவ் பேக்கில் ஐந்தாவது ஒருவரைக் கொண்டுவரும். அவர் 190 பவுண்டு இருந்தால் அதிகம். அந்த மூன்று ரிசீவரில் ஒருவர் லசார்ட் மாதிரி என்றால், அவரை டாக்கிள் பக்கம் நெருக்கி நிறுத்தி ரன் ஆடலாம். பாஸுக்கு ஆள் மாற்றிய டிஃபென்ஸ் ரன்னில் மாட்டிக்கொள்ளும். லாபமே அந்த ஆள் மாற்றத்தில்தான் இருக்கிறது. கோச் மக்வேயின் ராம்ஸ் அணி, ரிசீவர்கள் ராபர்ட் வுட்ஸ், கூப்பர் கப் இருவரையும் இப்படித்தான் உள்ளே இழுத்து நிறுத்தியது. அவர்கள் ஒன்றும் ராட்சசர்கள் இல்லை.

ஆனால் அப்போதும் வெளியே போவது லைன்பேக்கர்தான். டிஃபென்சிவ் எண்ட் அங்கேயே நிற்பான். அவனை யாராவது தாங்க வேண்டும். ஆகவே லசார்ட் டைட் எண்டுக்குப் பதில் ஆள் இல்லை, இரண்டாவது டைட் எண்டுக்குப் பாதிப் பதில். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி.

எஃகு_மாமா:
பாடம் நன்றாக இருக்கிறது சார், மகனுக்கு அனுப்பிவைக்கிறேன். ஆனால் தாடைக்குப் பதில் இல்லையே?

ஈகிள்ஸ்_ரணம்:
பாதி சரியெல்லாம் இல்லை. அவர் ‘டைட் எண்ட் எதற்கு’ என்று எழுதினார். ‘இரண்டாவது டைட் எண்ட் எதற்கு’ என்று எழுதவில்லை. மேலே போய்ப் பாருங்கள்.

சீஸ்தலை:
எங்கள் பேக்கர்ஸ் ஆளை வைத்துச் சண்டை, எங்களை ஒருவரும் கேட்கவில்லை. நன்றி.

லசார்ட் 2018ல் எந்த அணியும் டிராஃப்டில் எடுக்காமல் விட்டவர். எங்களிடம் அவர் செய்ததை வாரா வாரம் பார்த்தவன் நான். பந்து எடுக்கும் முன் வெளியிலிருந்து நகர்ந்து உள்ளே வருவார், லைன்பேக்கர் மேல் ஒரு மோது மோதுவார், பின்னால் எங்கள் ரன்னிங் பேக் ஆரன் ஜோன்ஸுக்கு வழி திறக்கும். ஞாயிறு பிற்பகலில் இதைவிட அழகு உண்டா? ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. 2018 முதல் 2022 வரை டைட் எண்ட் மார்சீடஸ் லூயிஸ் எங்களிடம்தான் இருந்தார். 2006ல் முதல் சுற்றில் வந்த மனிதர், வயதான யானை மாதிரி. எண்டைத் தாங்கும் வேலை என்றால் கோச் தேடியது அவரைத்தான்.

அப்புறம் 2023ல் ஜெட்ஸ் நான்கு ஆண்டுக்கு 44 மில்லியன் டாலர் கொடுத்து லசார்டைக் கூட்டிப்போனது. அந்த சீசனில் 23 கேட்ச், 311 யார்டு. பிளாக்கரை வாங்கிவிட்டுக் கேட்ச் எண்ணினால் அப்படித்தான்.

ஈகிள்ஸ்_ரணம்:
கேட்டீர்களா மாமா? பேக்கர்ஸ்காரரே சொல்லிவிட்டார். உங்கள் வழியிலேயே வருகிறேன்: வார்ட் போதும் என்றால் 2005ல் உங்கள் அணி முதல் சுற்றில் டைட் எண்ட் ஹீத் மில்லரை எடுத்தது எதற்கு? வார்ட் அப்போது அங்கேதானே இருந்தார்?

எஃகு_மாமா:
ஹீத் மில்லர் பெயரை எடுக்கும்போது எழுந்து நின்று எடுக்க வேண்டும். அவர் பந்தைப் பிடித்தால் அரங்கமே ‘ஹீத்’ என்று இழுத்துக் கத்தும், எதிரணி ரசிகர்கள் திட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். அதெல்லாம் உங்கள் ஊரில் கிடையாது. உங்கள் பிலடெல்பியாவில் சான்டா கிளாஸ் மேலேயே பனி உருண்டை எறிந்தவர்கள்.

ஈகிள்ஸ்_ரணம்:
வந்துவிட்டதா சான்டா கிளாஸ்! 1968 டிசம்பரில் நடந்தது. பதில் இல்லாதவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் அது. மில்லரை எதற்கு எடுத்தீர்கள்?

எஃகு_மாமா:
தாடை.

ஏழாவது_சுற்று:
செயின்ட்ஸ் அணிப் பக்கம் வராமல் இந்தப் பேச்சு எப்படி முடியும்? மார்க்கஸ் கோல்ஸ்டன், 2006ல் 252வது ஆள், ஹாஃப்ஸ்ட்ரா கல்லூரி, 6 அடி 4 அங்குலம், 225 பவுண்டு. முதல் சீசனில் 1,038 யார்டு, 8 டச்டவுன். மாமா சொல்லும் உடம்பு அப்படியே. ஆனால் அவர் ரிசீவர்தான்.

அடுத்தது ஜிம்மி கிரஹாம். இது தலைகீழ்க் கதை. 2014ல் செயின்ட்ஸ் அவருக்கு டைட் எண்ட் என்று ஃபிராஞ்சைஸ் முத்திரை (ஒப்பந்தம் முடியும் ஆளை, அவர் ஆடும் இடத்துக்கான சம்பளத்தில் ஓராண்டு பிடித்துவைப்பது) குத்தியது, சுமார் 7 மில்லியன். ரிசீவர் முத்திரை என்றால் 12 மில்லியனுக்கு மேல். ‘மூன்றில் இரண்டு பங்கு நேரம் நான் வெளியிலும் ஸ்லாட்டிலும்தானே நின்றேன், நான் ரிசீவர்’ என்று அவர் வழக்காடினார். (ஸ்லாட் என்றால் டாக்கிளுக்கும் வெளி ரிசீவருக்கும் இடையே உள்ள இடம்.) வழக்கின் நடுவர் ஸ்டீபன் பர்பேங்க், டாக்கிளிலிருந்து 4 யார்டுக்குள் ஸ்லாட்டில் நின்றாலும் அது டைட் எண்ட்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆக பவுண்டு கணக்கே வேண்டாம், டேப் எடுத்து அளந்தால் போதும். 4 யார்டுக்குள் நின்றால் லசார்டும் டைட் எண்ட்.

சீஸ்தலை:
கோல்ஸ்டன் பெயரை என் முன்னால் எடுக்காதீர்கள். 2006ல் நாங்கள் ஆடிய பேண்டசி (நிஜ ஆட்டக்காரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்துப் புள்ளி எடுக்கும் விளையாட்டு) தளத்தில் அந்த ஆளை டைட் எண்ட் என்றும் போட்டிருந்தார்கள். என் அலுவலக நண்பர் ஒருவர் சீசன் முழுவதும் அவரை டைட் எண்ட் இடத்தில் இறக்கி என்னை அரையிறுதியில் கவிழ்த்தார். 11 புள்ளி வித்தியாசம். இன்றைக்கு வரை அவர் வீட்டு விசேஷத்துக்கு நான் போனதில்லை.

ஏழாவது_சுற்று:
தளம் அனுமதித்ததை அவர் பயன்படுத்தினார். அதில் என்ன தப்பு? நானும் அதைத்தான் செய்தேன்.

சீஸ்தலை:
செய்தவர் எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள். அவர் ஒரு ஆட்டத்திலாவது எண்டைத் தாங்கியிருப்பாரா?

எஃகு_மாமா:
பேண்டசிக்குத் தனித் திரி போடுங்கள். 4 யார்டு கதை எனக்குச் சாதகம், அதை எடுத்துக்கொள்கிறேன். சட்டமே சொல்லிவிட்டது.

ஈகிள்ஸ்_ரணம்:
சட்டம் சம்பளத்துக்குச் சொன்னது, பிளாக்குக்கு இல்லை! 4 யார்டுக்குள் நானும் போய் நிற்பேன். நான் டைட் எண்டா? உங்கள் அணியிலேயே ஒருவர் இருந்தாரே, சேஸ் கிளேபூல், 238 பவுண்டு. டிராஃப்டுக்கு முன் பாதிப் பேர் டைட் எண்டாக்கச் சொன்ன ஆள். அவரை ஏன் ஆக்கவில்லை?

எஃகு_மாமா:
கிளேபூலா? அவரைக் கொடுத்துவிட்டு பேர்ஸ் அணியிடமிருந்து வாங்கிய டிராஃப்ட் இடம் 32வது இடமாக அமைந்தது. அதில் ஜோயி போர்ட்டர் ஜூனியரை எடுத்தோம். இதைவிட நல்ல பிளாக் எங்கள் அலுவலகம் செய்ததில்லை.

ஏரிக்கரை_கரடி:
நான் இந்தத் திரியில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். எங்களை எதற்கு இழுக்கிறீர்கள்?

எஃகு_மாமா:
நன்றி சொல்லத்தான் தம்பி.

ஏரிக்கரை_கரடி:
தம்பியா? எனக்கு 54 வயது. 1985 பேர்ஸைச் சின்னப் பையனாக இருந்து பார்த்தவன். அந்த அணியின் கோச் மைக் டிட்கா யார்? டைட் எண்ட். அந்த இடத்தில் ஆடி ஹால் ஆஃப் ஃபேமுக்கு (சாதனையாளர் மண்டபம்) முதலில் போனவர். அவரிடம் போய் ‘டைட் எண்ட் எதற்கு’ என்று கேளுங்கள், தாடை யாருடையது உடைகிறது என்று பார்ப்போம்.

மூன்றாம்_டவுன்:
மாறி வென்றவர்களையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயம் இல்லை. ஷானன் ஷார்ப் 1990ல் ஏழாம் சுற்றில் ரிசீவராக வந்து, டைட் எண்டாகி, ஹால் ஆஃப் ஃபேம் போனார். டேரன் வாலர் 2015ல் ஆறாம் சுற்று ரிசீவர். ஜார்ஜியா டெக்கில் ஆடியவர். அங்கே ஆப்ஷன் ஆட்டம், பாஸே குறைவு, ரிசீவர் என்றால் நாள் முழுக்க பிளாக்தான். ரேவன்ஸ் அவரை மாற்றியது, ரெய்டர்ஸ் பலன் அனுபவித்தது. 2020ல் 107 கேட்ச், 1,196 யார்டு.

எஃகு_மாமா:
வாலர்! திரியைப் பூட்டுங்கள். முடிந்தது.

ஈகிள்ஸ்_ரணம்:
எது முடிந்தது? வாலர் டைட் எண்டான பிறகு 250 பவுண்டுக்கு மேல். எடை ஏற்றி, டைட் எண்ட் என்று பெயர் மாற்றி, டைட் எண்ட் கூட்டத்தோடு உட்கார்ந்து பாடம் கேட்டவர். அதாவது டைட் எண்ட் வேண்டும் என்பதற்குச் சாட்சி அவர், வேண்டாம் என்பதற்கு இல்லை. அதிலும் அவர் பெயர் வாங்கியது கேட்சுக்கு. அவர் பிளாக்கைப் பார்த்து யாரும் விதி மாற்றவில்லை.

எஃகு_மாமா:
ஆக பிளாக்குக்கு விதி மாற்றியது வார்டுக்குத்தான் என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். இதைத்தானே காலையிலிருந்து சொல்கிறேன்.

ஈகிள்ஸ்_ரணம்:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை!! அவர் பார்க்கவில்லை. ரிவர்ஸ் பார்க்கவில்லை. பார்க்கவில்லை.

எஃகு_மாமா:
பார்த்திருந்தால் என்ன செய்திருப்பார்? ஒதுங்கியிருப்பார். அப்போதும் ரன்னுக்கு வழி திறந்திருக்கும். அதுவும் பிளாக்தான்.

சீஸ்தலை:
இது கொஞ்சம் நல்ல பதில் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஈகிள்ஸ்_ரணம்:
நீங்கள் யார் பக்கம்?

சீஸ்தலை:
கோல்ஸ்டனை டைட் எண்ட் என்று சொல்கிறவர்களுக்கு எதிர்ப்பக்கம்.

ஏழாவது_சுற்று:
தளம் அனுமதித்தது சார்.

மூன்றாம்_டவுன்:
நான் மேலே எழுதியதை யாராவது படித்தீர்களா? எண்டை யார் தாங்குவது என்பதுதான் கேள்வி.

ஈகிள்ஸ்_ரணம்:
இனி இந்தத் திரிக்கு வரமாட்டேன். காலையில் வேலை இருக்கிறது. கடைசியாக: 57, 64. இரண்டு எண்ணையும் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

எஃகு_மாமா:
32ஐயும் சேர்த்து ஒட்டுங்கள்.

ஏரிக்கரை_கரடி:
மறுபடியுமா?

ஈகிள்ஸ்_ரணம்:
மில்லரை எதற்கு எடுத்தீர்கள் என்று இன்னும் பதில் வரவில்லை, அதனால்தான் வந்தேன்.

எஃகு_மாமா:
தூங்கவில்லையா தம்பி? சரி, முறைப்படி போவோம். முதலில் கேட்டது நான். உடைந்ததா இல்லையா?