மனித டயமின் ஆக்சிடேஸ்: ஜெல்லில் பட்டை இருக்கிறது, வினை இல்லை

கேள்வி
வணக்கம். ஹிஸ்டமினைச் சிதைக்கும் மனித நொதியான டயமின் ஆக்சிடேஸை ஈ. கோலை பாக்டீரியாவில் உருவாக்கி, ஹிஸ்டிடின் வால் (நிக்கலோடு ஒட்டும் சிறு அமினோ அமிலத் தொடர்) மூலம் நிக்கல் தூணில் பிரித்தெடுத்திருக்கிறேன். புரதங்களை அளவுப்படி பிரிக்கும் எஸ்.டி.எஸ். ஜெல்லில் 85 கிலோடால்டன் அருகே தெளிவான பட்டை தெரிகிறது. ஆனால் ஹிஸ்டமினைச் சேர்த்து, வெளிவரவேண்டிய ஹைட்ரஜன் பெராக்சைடை ஆம்ப்ளெக்ஸ் ரெட் (பெராக்சைடால் ஒளிரும் சாயமாக மாறுவது), அந்த மாற்றத்தைச் செய்யும் குதிரைமுள்ளங்கி பெராக்சிடேஸ் நொதி ஆகியவற்றைக் கொண்டு அளந்தால் ஒளிர்வே இல்லை. எங்கே கோளாறு இருக்கும்?

மறுமொழி 1
பட்டை இருப்பதால் நொதி இருக்கிறது என்று ஆகிவிடாது. இது செல்லிலிருந்து சுரக்கப்படும், சர்க்கரைத் தொடர்கள் ஏறிய, இரு துணையலகுகள் டைசல்ஃபைடு பிணைப்பால் இணைந்த புரதம். அதன் வினைமையத்தில் உள்ள, வினைக்கு இன்றியமையாத டோபாகுவினோன் என்ற கூறு வெளியிலிருந்து வருவதன்று. தாமிரமும் ஆக்சிஜனும் கிடைக்கும்போது புரதத்தின் ஒரு டைரோசின் தானே மாறி அதுவாகிறது. தாமிரம் ஏறாத புரதம் ஜெல்லில் அதே இடத்தில்தான் ஓடும். பழப்பூச்சியின் எஸ்2 செல்களிலும் சீன வெள்ளெலியின் சி.எச்.ஓ. செல்களிலும் செயலுள்ள நொதியைப் பெற்றிருக்கிறார்கள். எனக்கும் அந்த வழியே சரியெனப்படுகிறது. ஒரு எளிய சோதனை: செறிவூட்டிய கரைசலை வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பாருங்கள். டோபாகுவினோன் உருவாகியிருந்தால் மெல்லிய இளஞ்சிவப்பு தெரியும். நிறமே இல்லையென்றால் மேற்கொண்டு அளப்பது வீண்.

மறுமொழி 2
அளவீட்டையும் சந்தேகியுங்கள். நொதியே இல்லாமல், அளவு தெரிந்த ஹைட்ரஜன் பெராக்சைடை மட்டும் சேர்த்து ஒளிர்வு வருகிறதா என்று முதலில் பாருங்கள். சேமிப்புக் கரைசலில் கிருமி வளராமல் தடுக்கும் சோடியம் அசைடு இருந்தால் பெராக்சிடேஸ் முடங்கும், ஒடுக்கியான டைதயோத்ரைட்டால் (டி.டி.டி.) இருந்தால் ஒளிர்வே குலையும். பாக்டீரியாவின் கேட்டலேஸ் சிறிது ஒட்டிக்கொண்டு வந்திருந்தாலும் உருவாகும் பெராக்சைடை அது உடனே தின்றுவிடும். ஒளிர்வு கிடைத்த பிறகும், டயமின் ஆக்சிடேஸைத் தடுக்கும் அமினோகுவானிடின் சேர்த்தால் அது அடங்குகிறதா என்று பார்த்த பின்னரே அது இந்த நொதியின் வேலை என்று எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்
நன்றி. கரைசல் நிறமற்றே இருக்கிறது, அசைடும் சேர்த்திருக்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் விலங்குச் செல் வளர்ப்பு வசதி இல்லை.

மறுமொழி 1
அப்படியானால், ஹிஸ்டமினைச் செயலிழக்கச் செய்யும் மனித நொதி எதுவாயினும் போதும் என்றால், ஹிஸ்டமின் என்-மெத்தில்டிரான்ஸ்ஃபெரேஸை எடுத்துக்கொள்ளலாம். செல்லுக்குள்ளேயே இயங்கும், 292 அமினோ அமிலங்கள் கொண்ட, தாமிரம் தேவைப்படாத சிறிய புரதம், ஈ. கோலையில் நன்றாகவே உருவாகிறது. ஆனால் மெத்தில் தொகுதியைத் தரும் எஸ்-அடினோசில்மெத்தியோனின் இல்லாமல் வேலை செய்யாது, பெராக்சைடையும் தராது. ஆகவே இப்போதைய அளவீட்டை அதற்குப் பயன்படுத்த முடியாது, விளையும் மெத்தில்ஹிஸ்டமினைத்தான் அளக்கவேண்டியிருக்கும்.