லெமன் பட்டன் ஃபெர்ன்: புதுத் தளிர் விரியாமலே கருகுது

ஜனவரியில் ஏற்காட்டு நர்சரி ஒன்றில் வாங்கிய லெமன் பட்டன் ஃபெர்ன், குட்டி வட்ட இலைகள் உள்ள பெரணிச் செடி. மார்ச் வரை புதர் மாதிரி இருந்தது. ஏப்ரல் கடைசியிலிருந்து சரிவுதான்.

முதலில் இலை நுனி பழுப்பானது. இப்போது காம்பைத் தொட்டாலே பொத்தான் பொத்தானாக இலைகள் உதிர்கின்றன. நடுவில் சுருண்டு எழும் தளிர் அரை அங்குலம் வந்ததும் கருகி நூலாகிவிடுகிறது. அதுதான் மனசுக்குக் கஷ்டம்.

வேளச்சேரி, மூன்றாவது மாடி. கிழக்கு ஜன்னலிலிருந்து நாலடி தள்ளி இருந்தது, நேர் வெயில் படாது. ராத்திரி எட்டு மணி நேரம் ஏசி ஓடும். 5 அங்குல பிளாஸ்டிக் தொட்டி. கலவை: கோகோபீட் (தென்னை நார்த் தூள்), மண்புழு உரம், கொஞ்சம் பெர்லைட் (தண்ணீர் வடிய உதவும் வெள்ளைக் கல் பொரி). ஊற்றியது போர்வெல் தண்ணீர், டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) 1100. தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது.

காற்றில் ஈரம் கூடட்டும் என்று தினம் இரண்டு வேளை தண்ணீர் ஸ்ப்ரே செய்தேன், பலனில்லை. கூழாங்கல் தட்டில் தண்ணீர் விட்டு மேலே வைத்தேன், கொசுதான் வந்தது. உரத்தை நிறுத்தியாயிற்று. மூன்று வாரமாக ஆர்ஓ தண்ணீர்தான். பத்து நாளாகக் குளியலறை ஜன்னலில் வைத்திருக்கிறேன். உதிர்வது குறைந்திருக்கிறது, தளிர் இன்னும் கருகுகிறது. செடியை உருவிப் பார்த்தேன்: வேரில் அழுகல் இல்லை, நாற்றமும் இல்லை. பூச்சியும் கண்ணில் படவில்லை.

இந்த வெயிலில் மண்ணோடு ஒட்ட வெட்டிவிட்டுப் புதுக் கலவைக்கு மாற்றலாமா, அல்லது இதே தொட்டியில் ஆர்ஓ தண்ணீரை நிறைய ஊற்றி உப்பை அலசிவிட்டால் போதுமா?