கிணற்றின் ஆழம்: செயலி காட்டுவது 64 அடி, கயிறு காட்டுவது 61 அடி

கேள்வி:
வணக்கம். எங்கள் தோட்டத்துக் கிணற்றுக்குப் புதிய மோட்டார் வாங்க வேண்டியிருப்பதால், மேலிருந்து எத்தனை அடி கீழே தண்ணீர் நிற்கிறது என்று அறிய விரும்பினேன். கல்லைப் போட்டு, அது நீரில் விழும் ஓசை கேட்க எத்தனை நொடி ஆகிறது என்று கொடுத்தால் ஆழத்தைச் சொல்லும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டேன். 2 நொடி ஆயிற்று. செயலி 64 அடி என்றது. ஐயம் தீர வாளியைக் கயிற்றில் கட்டி இறக்கி அளந்தால் 61 அடிதான் இருக்கிறது. பிழை கணக்கிலா, என் கையிலா? இத்தகைய செயலிகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

மறுமொழி 1:
கயிறு சொல்வதே சரி. நீங்கள் அளந்த 2 நொடிக்குள், கல் கீழே போன நேரமும் ஓசை மேலே வந்த நேரமும் சேர்ந்தே அடங்கியுள்ளன. செயலியோ 2 நொடியும் கல் விழுந்துகொண்டே இருந்ததாக எடுத்துக்கொண்டு, புவியீர்ப்பு முடுக்கமான 9.81-இல் பாதியை நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 19.6 மீட்டர், அதாவது 64 அடி என்று காட்டிவிட்டது. 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்லும் என்பதால், அந்த ஆழத்திலிருந்து மேலே வர அதற்கு 0.05 நொடி பிடிக்கும். எஞ்சிய 1.95 நொடிக்குக் கணக்கிட்டுப் பாருங்கள், 61 அடி வந்துவிடும். ஒலியின் நேரத்தைக் கழிக்காத செயலியில் ஆழம் கூடக் கூடப் பிழையும் கூடிக்கொண்டே போகும்.

மறுமொழி 2:
மேலே உள்ள விளக்கம் சரியானதே; ஆனால் விடை இவ்வளவு பொருந்தி வந்ததில் தற்செயலுக்கும் பங்கு உண்டு. கையால் பொத்தானை அழுத்தும்போது 0.1 நொடி முன்பின் ஆவது இயல்பு. கல் நீரைத் தொடும்போது நொடிக்கு 19 மீட்டர் வேகத்தில் இருப்பதால், அந்த 0.1 நொடி ஆழத்தில் 6 அடியை மாற்றிவிடும். ஜெர்மனியின் ஆகன் நகரிலுள்ள ஆர்.டபிள்யூ.டி.எச். பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்னும் இலவசச் செயலியில், ஓசை கேட்டதும் ஓடத் தொடங்கி, அடுத்த ஓசையில் தானே நின்றுவிடும் நிறுத்துக் கடிகாரம் இருக்கிறது. எலுமிச்சம்பழ அளவுக் கல்லை ஊதிய பலூனில் கட்டி, கிணற்றுக்கு நேர் மேலே பிடித்து, குண்டூசியால் குத்துங்கள். பலூன் வெடிக்கும் கணத்திலேயே கல் விழத் தொடங்கும். வெடியோசை கடிகாரத்தை ஓடவைக்கும், நீரில் விழும் ஓசை அதை நிறுத்தும். ஐந்து முறையாவது செய்து சராசரி எடுங்கள். ஆழ்துளைக் கிணற்றில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். உள்ளே கிடக்கும் மோட்டாரின் மேல் கல் சிக்கிக்கொள்ளும்.

மறுமொழி 3:
மோட்டார் வாங்கும் முன் இன்னொன்றையும் கவனியுங்கள். தரையில் வைக்கும் மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாய் இணைந்த) மோட்டார் தண்ணீரைத் தானாக இழுப்பதில்லை. குழாயினுள் அழுத்தம் குறையும்போது வெளிக்காற்றின் அழுத்தமே நீரை மேலே தள்ளுகிறது. அந்த அழுத்தத்தால் 34 அடிக்கு மேல் தள்ள இயலாது. நடைமுறையில் 25 அடியைத் தாண்டினாலே சிரமம். ஆகவே 61 அடிக்கு நீர்மூழ்கி மோட்டாரோ, நீரின் ஒரு பகுதியைக் கீழே திருப்பி அனுப்பி அதன் விசையால் மேலே தள்ளும் ஜெட் பம்போதான் ஏற்றது. மேல்தொட்டி வரை மொத்த உயரம் 25 மீட்டர் என்றும், மணிக்கு 10,000 லிட்டர் தேவை என்றும் கொண்டால், நீரை உயர்த்த மட்டும் 680 வாட் வேண்டும். கொடுக்கும் மின்சாரத்தில் பாதியே பயன்படும் என்று கொண்டால் 1,360 வாட் ஆகிறது. குழாய் உராய்வையும் சேர்த்து 2 எச்.பி., அதாவது ஏறத்தாழ 1,500 வாட் என்று வையுங்கள். கோடையில் நீர்மட்டம் இறங்குமானால், அந்த ஆழத்துக்கும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை பலூன் முறையில் ஆறு தடவை அளந்தோம். ஐந்து தடவை 1.99 முதல் 2.01 நொடிக்குள் வந்தது. முதல் தடவை மட்டும், கல் நீரைத் தொடும் முன்பே, 0.107 நொடியில் கடிகாரம் நின்றுவிட்டது. அதைப் பிழையென்று தள்ளிவிட்டேன்.

மறுமொழி 2:
அதைத் தள்ள வேண்டாம். கடிகாரத்தை நிறுத்தியது நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிய வெடியோசையின் எதிரொலியாகத்தான் இருக்க வேண்டும். ஒலியின் வேகமான 349-ஐ 0.107-ஆல் பெருக்கினால் ஒலி போய்த் திரும்பிய தொலைவு கிடைக்கும். அதில் பாதி 18.67 மீட்டர்; அதாவது 61 அடி.