ஏற்காட்டுக்கு ஒரு முன்னிறகு விமானம்: கற்பனைக்கு வரையும்போது இடிக்கும் இடங்கள்

சேலம் விமான நிலையம் இருக்கும் கமலாபுரத்தில் ஏறி ஏற்காட்டில் இறங்கும், 2075-ஆம் ஆண்டின் இரண்டு இருக்கை விமானம். கதைக்காக இதை வரைகிறவர்கள் இறக்கையை அழகாக வரைந்து முடித்துவிட்டுத்தான் சிஜியை, அதாவது மொத்த எடையும் சமநிலையாகும் ஈர்ப்பு மையத்தை, தேடுகிறார்கள். சின்ன இறக்கை முன்னால் இருக்கும் கனார்ட் வடிவத்தில் அது நடக்கவே நடக்காது.

ஃபோம் ஷீட்டில் வெட்டி எறிந்தாலே தெரிந்துவிடும். முன்னிறகு 40 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம். பெரிய இறக்கை 90-க்கு 16. முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால்பங்கு தள்ளி இரண்டிலும் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடுகளுக்கு நடுவே 45 செ.மீ. இருக்கட்டும். பரப்பளவை வைத்துக் கணக்கிட்டால் நடுநிலைப் புள்ளி (சிஜி இதற்கு முன்னால் இருந்தால்தான் விமானம் நிலையாகப் பறக்கும்) முன்கோட்டிலிருந்து ஏறக்குறைய 37 செ.மீ.யில் வரும். சிஜியை 33-இல் வையுங்கள். அதாவது பெரிய இறக்கையின் முன்விளிம்புக்கும் 8 செ.மீ. முன்னால், வெறும் உடற்பகுதியில். பார்க்கத் தப்பாகத் தெரியும், ஆனால் அதுதான் சரி. முன்னிறகைப் பெரிய இறக்கையைவிட 3 டிகிரி தூக்கி ஒட்டுங்கள். அது முதலில் ஸ்டால் ஆனால்தான் (காற்று இறக்கையின் மேற்பரப்பை விட்டு விலகித் தூக்குவிசை சட்டென்று குறைவதுதான் ஸ்டால்) மூக்கு தானாகத் தாழ்ந்து வேகம் திரும்பும். சிஜி பின்னால் போய்விட்டால் பெரிய இறக்கை முந்திக்கொள்ளும். மூக்கு மேலே தூக்கி, அந்தரத்தில் ஒரு கணம் நின்று, வால்பக்கமாகவே சரிந்து விழும். மூக்கில் 5 கிராம் 5 கிராமாகக் களிமண் சேர்த்துச் சரிபண்ணுங்கள்.

---

மேலே அண்ணன் சொன்ன கணக்கோடு ஏற்காட்டுப் பனியையும் சேர்க்க வேண்டும். 1975-இல் பறந்த வேரி-ஈஸி, 1979-இல் வந்த லாங்-ஈஸி என்ற இரண்டு கனார்ட் விமானங்களிலும் மழை பட்டால் மூக்கு தாழும். விமானி ஸ்டிக்கைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டும். முன்னிறகின் மேல் வழுவழுவென ஓடவேண்டிய காற்றை நீர்த்துளிகள் கலைத்துவிடும், தூக்குவிசை குறையும். பிறகு ஜான் ரான்ஸ் வடிவமைத்த வேறு குறுக்குவெட்டை முன்னிறகுக்குப் போட்டுத்தான் இது தீர்ந்தது. மேகம் ரோட்டிலேயே உட்காரும் மலைக்கு விமானம் வரைகிறவர் இதை மறக்கவே கூடாது.

---

எனக்கு இறங்குவதுதான் பெரிய கவலை. 450 கிலோ எடை, 10 சதுர மீட்டர் இறக்கை, தூக்குக் கெழு (இறக்கை எவ்வளவு தூக்கும் என்பதற்கான எண்) அதிகபட்சம் 1.5 என்று வைத்தால் கடல்மட்டத்தில் ஸ்டால் வேகம், அதாவது ஸ்டால் ஆகாமல் பறக்கக்கூடிய குறைந்தபட்ச வேகம், மணிக்கு 79 கி.மீ. அதே விமானத்துக்கு 1500 மீட்டர் உயரத்தில், 25 டிகிரி வெயிலில், 88 ஆகிவிடும். வேகத்தின் வர்க்கத்தோடு ஓட்டமும் நீளும் என்பதால் கால்பங்கு கூடுதல் தரை வேண்டும். காப்பித் தோட்டச் சரிவில் அதற்கு எங்கே போவது?

வேகத்தைக் குறைக்க ஃபிளாப் (இறங்கும்போது தூக்குவிசையைக் கூட்ட இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடக்கும் பலகை) போடலாமே என்று தோன்றும். பெரிய இறக்கையில் மட்டும் ஃபிளாப்பை இறக்கினால் மூக்கு கீழே அழுந்தும், சின்ன முன்னிறகால் அதைத் தூக்க முடியாது. 1986-இல் பறந்த பீச்கிராஃப்ட் ஸ்டார்ஷிப்பில் இதற்கு நல்ல வழி இருந்தது: ஃபிளாப் இறங்கும்போது முன்னிறகே முன்பக்கமாகத் திரும்பும். தம்பிமார்களே, கதைக்கு இதைவிட நல்ல காட்சி கிடையாது, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. புரொப்பல்லர் பின்னால் இருப்பதால் முன்சக்கரம் கிளப்பும் ஜல்லி நேராக அதன் பிளேடில் அடிக்கும். முன்சக்கரத்துக்கு ஒரு மட்கார்டு வரையுங்கள். மூக்கைத் தூக்கும்போது பிளேடு நுனி தரையைத் தொடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.