காபி சக்கை போட்ட கத்தரிச் செடி மஞ்சளாகிறது, அவசரம்

மாடிக்கத்தரி: நண்பர்களே, கத்தரி இலையெல்லாம் மஞ்சளாகிறது. மண்ணுக்கு நல்லது என்றார்களே என்று காபி சக்கை போட்டு வருகிறேன். மண்மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது, குட்டிக் கொசு வேறு பறக்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

தோட்டக்காரன்: தொட்டியா, பையா, தரையா? மேல் இலையா, அடி இலையா? எவ்வளவு சக்கை, எத்தனை நாளுக்கு ஒருமுறை? ஒரு படமாவது போடுங்கள் சார்.

பஞ்சகவ்யப்பித்தன்: காபி என்றாலே அமிலம். மண் புளித்துப் போயிருக்கும். ஒரு கைப்பிடி சுண்ணாம்பு தூவுங்கள். அப்புறம் லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம் கலந்து தெளியுங்கள். என் மாடியில் எந்தச் சீக்குக்கும் அதுதான்.

மண்வெட்டி: இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்க்க யாருக்கும் பொறுமை கிடையாது. சரி, இன்னொரு முறை சொல்கிறேன். புளிப்பில் பெரும்பகுதி டிகாக்‌ஷனோடு இறங்கிவிடும். சக்கை பெரும்பாலும் நடுநிலைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். மண்ணைச் சோதிக்காமல் சுண்ணாம்பு போடுவது வீண்வேலை. சக்கையில் தழைச்சத்து (நைட்ரஜன்) 2 சதவீதம் போல இருக்கிறது, ஆனால் அது செடிக்கு உடனே கிடைக்காது. மட்காத சக்கையை மண்ணில் போட்டால், அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் ஏற்கெனவே இருக்கும் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும், அது குறைந்தால் இலை மஞ்சளாகும். அந்த வெள்ளைப் பூஞ்சை சக்கையைத்தான் தின்கிறது, செடியை அல்ல. மருந்து எதற்கு?

வெங்காயத்தாள்: தம்பி, காபி சக்கை மட்டும்தானா, டீ சக்கையும் சேர்ந்ததா? ஃபில்டரில் இறக்கும் காபியின் சக்கையில் பால் படாது. டீயைப் பால், சர்க்கரை போட்டுக் கொதிக்கவிட்டு வடிகட்டுகிறோம். அதை அப்படியே கொட்டினால் ஈயும் எறும்பும் வராமல் என்ன செய்யும்? அலசிக் காயவைத்துப் போடணும்.

கும்பகோணத்தான்: முதலில் எந்தக் காபித்தூள் என்று சொல்லுங்கள். சிக்கரி கலந்ததா? கலந்திருந்தால் பாதி காபி, பாதி வேறு ஏதோ.

பஞ்சகவ்யப்பித்தன்: சிக்கரியும் ஒரு செடியின் வேர்தானே, மட்காதா? சிக்கரி இல்லாமல் டிகாக்‌ஷனுக்கு நிறம் எங்கிருந்து வரும்?

கும்பகோணத்தான்: நிறத்துக்கா குடிக்கிறீர்கள்? பீபெரியை, அதாவது பழத்துக்கு ஒற்றைக் கொட்டையாக விளையும் காபியை, வீட்டில் அரைத்து இறக்கிப் பாருங்கள். சட்டப்படி 49 சதவீதம் வரை சிக்கரி போடலாம், பொட்டலத்தைத் திருப்பிப் படியுங்கள்.

தோட்டக்காரன்: ஐயா, கத்தரி செத்துக்கொண்டிருக்கிறது. காபிச் சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாமே.

மாடிக்கத்தரி: பை. அடி இலை. டீ சக்கையும் உண்டு. தினமும் காலையில் கொட்டிவிடுவேன். தண்ணீர் ஊற்றினால் மேலே தேங்கி, பை ஓரமாகக் கீழே ஓடிவிடுகிறது.

மண்வெட்டி: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

தோட்டக்காரன்: அந்தத் தண்ணீர்தான் விஷயம். காபித்தூள் நைசானது. அடுக்கடுக்காக விழுந்து காய்ந்தால் ஓடு கட்டிவிடும், தண்ணீரை உள்ளே விடாது. பை அடியில் ஈரம் வடிவதைப் பார்த்து வேருக்குப் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வோம். ஓட்டைப் பெயர்த்து எடுங்கள், வேர் அறுபடாமல் மேல்மண்ணைக் கிளறுங்கள், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, நேரம் விட்டு ஊற்றுங்கள். பெயர்த்ததை எறிய வேண்டாம். துளை போட்ட வாளியில் காய்ந்த இலை, காய்கறித் தோலோடு கலந்துவிடுங்கள். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காபி வேண்டாம். கறுத்து, மண்வாசனை வந்தபின் பைக்குப் போகட்டும். விதை போட்ட தட்டில் மட்டும் மட்காத சக்கை கூடவே கூடாது, நாற்றின் வளர்ச்சியைக் கெடுக்கும். மேல்மண் காய்ந்தபின் தண்ணீர் விட்டால் கொசு தானே குறையும்.

வெங்காயத்தாள்: இப்போதைக்குக் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து, பத்து பங்கு தண்ணீர் கலந்து வேரில் ஊற்றுங்கள் தம்பி. நாற்றம் குடலைப் பிடுங்கும், பக்கத்து வீட்டில் துணி காயாத நேரம் பார்த்துச் செய்யுங்கள்.

மாடிக்கத்தரி: பெயர்த்தேன். வரட்டி மாதிரி ஒரே வில்லையாக வந்தது, அடியில் மண் புழுதியாகக் கிடந்தது. இப்போது தண்ணீர் உள்ளே இறங்குகிறது. பழைய மஞ்சள் இலை அப்படியேதான் இருக்கிறது, நுனியில் புதுத்துளிர் பச்சை. நன்றி.

கும்பகோணத்தான்: எந்தக் காபித்தூள் என்று கடைசிவரை சொல்லவே இல்லையே?